கோள்களை இரவல் தந்த அப்லா இன்ஷிராஹ் அவர்களுக்கு

படகுத்துறை நூலகத்தின் இரவல் மேசையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்து, இன்றோடு அறுபது வயது நிறைந்து, சட்டப்படி விடைபெறும் எங்கள் அக்காவே, ஆசிரியையே, அப்லா இன்ஷிராஹ் அவர்களே! தொலைதூரக் கோள்களைப் பதினைந்து நாள் தவணையில் இரவல் தந்தவரே! தாமதமாகத் திருப்பியவரிடம் அபராதம் கேட்பதற்கு முன் "முடிவு பிடிச்சுதா?" என்று கேட்டவரே! உங்களோடு வேலை பார்த்த நாங்கள், உங்கள் முன் நின்று வாசித்தளிக்கும் மடல் இது.

முதல் வரைவில் உங்களை "அறிவுக் கடலே" என்று அழைத்திருந்தோம். நூல் பட்டியல் பிரிவின் மார்சேல் அதைப் படித்துவிட்டு, "கடல் தண்ணியக் குடிக்க முடியுமான்னு அப்லா கேப்பாங்க. அடிச்சிடு" என்றார். அடித்துவிட்டோம். இரண்டாம் வரைவு மிகவும் பணிவாக இருந்தது. அதில் இருந்தது எங்கள் பயம்தான் என்று மறுநாள் படித்தபோது தெரிந்தது. இது மூன்றாவது. இதில் கோபம் இருக்கிறது. குனாஃபா இனிப்பும் பூங்கொத்தும் வைத்திருக்கும் நாளில் கோபம் பொருந்துமா என்று இப்போதும் முழு நிச்சயம் இல்லை. ஆனால் நீங்கள் போன பிறகு கோபப்பட்டு யாருக்கு என்ன பயன்? எந்த வரிசையில் சொல்வது என்று குழம்பி, நடந்த வரிசையிலேயே சொல்கிறோம்.

ஒதுக்கப்பட்டவற்றை ஒளியில் வைத்தவரே!

நீங்கள் இங்கே வந்தபோது பழைய விஞ்ஞானக் கதைகள் படிக்கட்டுக்கு அடியில், பழுதடைந்த மின்விசிறிகளோடு கிடந்தன. அவற்றைத் துடைத்து, முதுகு ஒட்டி, இரவல் மேசைக்கு வலப்பக்கம் அடுக்கினீர்கள். வாசகர்கள் வந்தார்கள். சூயஸ் கால்வாய்ப் படகில் மெக்கானிக்காக இருக்கும் கரீப், புத்தகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துப்போவார். அப்படியும் அவருடைய கிரீஸ் விரல் எங்காவது பதிந்துவிடும். எந்தப் பக்கத்தில் அது பதிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, மருத்துவமனைத் தாதி நஜாத் வாதத்துக்குத் தயாராகி வருவார். இப்படித்தான் செவ்வாய் மாலை வாசிப்பு வட்டம் உருவானது. யாரும் திட்டமிடவில்லை. மேசைக்கு அருகில் நின்று சண்டை போட்டவர்களுக்கு நீங்கள் நாற்காலியும் தேநீரும் கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

எல்லோரும் மறுபடி மறுபடி கேட்டது அந்த உப்புக் கோள் நாவலைத்தான். எங்கள் பெற்றோர் பிறப்பதற்கு முன் எழுதப்பட்டது. உப்பு தவிர ஒன்றும் விளையாத ஒரு கோளில், ஆட்சியாளரை ஆண்டுக்கொரு முறை சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆணானாலும் பெண்ணானாலும் அந்த ஆண்டு முழுவதும் ஊரார் குழந்தைகளை வளர்ப்பதும் அவர் வேலை. இடுப்பில் ஒரு குழந்தை இல்லாமல் எந்த ஆணையிலும் கையெழுத்திடக் கூடாது.

இந்த ஒரு விதிக்காக எத்தனை செவ்வாய்க்கிழமைகள் போயின!

"இடுப்புல குழந்தைய வெச்சுக்கிட்டுத்தான் கையெழுத்துன்னா, எந்த ஆம்பளை ஆட்சிக்கு வருவான்?" என்று கரீப் கேட்பார்.

"வராட்டிப் போகட்டும் மெக்கானிக்கே. உங்க கால்ல விழுந்து யாரு கூப்பிட்டா?" என்பார் நஜாத்.

"சரி, போர் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"குழந்தை தூங்குற நேரம் பார்த்து அறிவிக்கட்டும். நான் பிரசவ வார்டுல இருக்கேன். ஒரு குழந்தையும் தூங்குறதில்ல."

சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள் அடுத்த அத்தியாயத்தைத் திறந்திருப்பீர்கள்.

ஆட்சிக்கும் அடுக்களைக்கும் பாலம் போட்டவரே!

படித்ததோடு நிறுத்தாமல் அந்தக் கோளின் சட்டத்தை நம் வட்டத்துக்கும் கொண்டுவந்தவர் நீங்கள். வாசற்காவலர் ஷெஹாத்தாவின் தொப்பியில் சீட்டுகள் போடப்படும். யாருக்கு எந்தப் பாத்திரம் வருகிறதோ அதை அவர் உரக்க வாசிக்க வேண்டும். கரீப் கர்ப்பிணியாக வாசித்திருக்கிறார். மார்சேல் தளபதியாக வாசித்து, மூன்று நாள் வீட்டிலும் அதே குரலில் பேசியதாக அவர் கணவர் முறையிட்டார். ஆட்சியாளர் பாத்திரம் யாருக்கு விழுகிறதோ, அன்றைய தேநீர்க் கோப்பைகளை அவரே கழுவ வேண்டும். இதற்கு விலக்கே கிடையாது. நீங்களே பலமுறை கழுவியிருக்கிறீர்கள்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு செவ்வாய், இப்போது முதல் வரிசையில் மரியாதைக் கேடயத்தோடு அமர்ந்திருக்கும் நம் இயக்குநர் அவர்கள், மேலிடத்து விருந்தினர் இருவரை அழைத்துக்கொண்டு வட்டத்தைக் காட்ட வந்தார்கள். விருந்தினர் கேட்டுக்கொண்டதால் இயக்குநர் அவர்களும் தொப்பிக்குள் கைவிட்டார்கள். ஆட்சியாளர் சீட்டு வந்தது. நன்றாகவே வாசித்தார்கள், உண்மையைச் சொல்ல வேண்டும். "இது என் ஆணை" என்ற இடத்தில் குரல் தானாகவே உயர்ந்தது. வாசித்து முடித்து எழுந்தபோது, மேலதிகாரிக்குரிய மரியாதையோடு பாஷா என்றே விளித்து, நீங்கள் தட்டை நீட்டினீர்கள்.

"பாஷா, கோப்பை."

"என்ன கோப்பை?"

"ஆட்சி பண்ணினவங்க கழுவணும். சோப்பு அங்க இருக்கு."

இயக்குநர் அவர்கள் விருந்தினரைப் பார்த்துச் சிரித்தார்கள். விருந்தினர், நியாயம்தானே என்பதுபோல் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விளையாட்டு போதும் அப்லா. ஷெஹாத்தா, இத எடுத்துட்டுப் போ."

ஷெஹாத்தா எழுந்துவிட்டார். "உக்காருங்க ஷெஹாத்தா," என்றீர்கள். "நீங்க இன்னைக்குக் கைதி. கைதிக்கு இங்க வேலை கிடையாது."

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. இயக்குநர் அவர்கள் கழுத்துத் துண்டைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள். அந்த ஒன்பது கோப்பைகளையும் நீங்கள் கழுவவில்லை, எங்களையும் கழுவ விடவில்லை. தட்டோடு அலமாரியின் தலையில் வைத்து ஒரு துணியால் மூடினீர்கள். அடுத்த வாரத்துக்கு வீட்டிலிருந்து வேறு கோப்பைகள் வந்தன.

அதன் பிறகு நடந்தவற்றை "நிர்வாகக் காரணம்" என்று இதுவரை எல்லோரும் சொல்லிவந்தோம். காரணம் அந்தத் தட்டுதான். இங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

குளிர்காலம் முடிவதற்குள் முதல் உத்தரவு வந்தது. விண்வெளிக் கதைகள் சிறுவருக்குரியவை. எனவே எல்லாம் சிறுவர் பகுதிக்கு மாற்றப்படுகின்றன. குழந்தை உடன் வராத பெரியவர்களுக்கு அங்கே இடமில்லை. மறுநாளே நஜாத் தன் தங்கை மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "இவனுக்குத்தான் வேணும்" என்று உப்புக் கோள் நாவலைக் கேட்டார். அவனுக்குப் பல்லே முளைத்திருக்கவில்லை. நீங்கள் முகத்தில் சிரிப்பில்லாமல் அவன் பெயரை எழுதிக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தீர்கள்.

அவன் திருப்பித் தந்த பிறகு, உண்மையிலேயே ஒரு சிறுமி அதை எடுத்துப்போனாள். நான்கு நாள் கழித்து அவளுடைய தந்தை வந்து மேசையைத் தட்டினார்.

"அப்லா, எம் பொண்ணுக்கு எட்டு வயசு. நேத்து சாப்பிடும்போது, 'பாபா, இந்த வீட்டுல உங்க ஆட்சி எப்ப முடியுது'ன்னு கேக்குறா!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? அவ அம்மா சிரிச்சுக்கிட்டே ரொட்டிய வெச்சுட்டுப் போயிட்டா. அந்தச் சிரிப்பத்தான் என்னால தாங்க முடியல."

அந்த வாரமே இரண்டாம் உத்தரவு வந்தது. இந்த நூல்கள் சமூக ஒழுங்குக்கும் குடும்ப அமைதிக்கும் கேடு விளைவிப்பவை. இரும்பு அலமாரியில் பூட்டப்பட வேண்டும். சாவி இயக்குநர் அறையில் இருக்கும்.

இரண்டு உத்தரவுகளையும் அருகருகே வைத்துப் பலமுறை படித்துப் பார்த்தோம். நாங்கள்தான் தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று சந்தேகப்பட்டு மறுபடியும் படித்தோம். அதே நூல்கள், அதே கையெழுத்து. பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள் என்றால் பூட்டு எதற்கு? ஊரைக் கெடுக்கும் விஷம் என்றால் அதை எட்டு வயதுக் குழந்தையின் கையில் கொடுத்தது யார்? பெரியவர்கள் சிந்திக்கக் கூடாது என்பதற்காகக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். குழந்தைகளும் சிந்தித்துவிட்டார்கள் என்றதும் பூட்டினார்கள். "அநீதி" என்பது கடுமையான சொல்லோ என்று யோசித்தோம். கடுமைதான். இருக்கட்டும்.

இதை நீங்கள் இயக்குநர் அவர்கள் அறைக்கே போய்க் கேட்டீர்கள். கதவு திறந்திருந்ததால் நாங்களும் கேட்டோம்.

"பிள்ளைங்க கதையா, ஆபத்தான கதையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க பாஷா. அட்டையில எழுதணும்."

"இதையெல்லாம் படிக்கிற பொம்பளைங்களுக்கு வீட்டுல வேலையே இல்லையா?"

இது ஒரு நூலக இயக்குநர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகத்தில் வேலை செய்த ஒருவரிடம் சொன்னது. அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே எழுதியிருக்கிறோம். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"இருக்கு பாஷா. ஒன்பது கோப்பை இருக்கு. ஆனா அது என் வேலை இல்ல."

பூட்டிய புத்தகத்தையும் படிக்கவைத்தவரே!

புத்தகம் இல்லாத முதல் செவ்வாய்க்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள். கரீப் எழுந்து நின்று, கதாநாயகி விசாரிக்கப்படும் அத்தியாயத்தை நினைவிலிருந்தே சொல்லத் தொடங்கினார். "அங்க அவ அழல, நீங்களா சேக்காதீங்க" என்று நஜாத் இடைமறித்தார். "அழுதா. என் கிரீஸே அங்கதான் இருக்கு, போய்ப் பாருங்க" என்றார் கரீப். போய்ப் பார்க்க வழியில்லை, பூட்டியிருந்தது. அன்று முதல் வாரம் ஓர் அத்தியாயமாக அந்த நாவலை எல்லோரும் சேர்ந்து மறுபடி கட்டி எழுப்புகிறோம். அலமாரிக்குள் இருப்பதைவிட நம்முடையது சற்றுப் பெரிதாகவே வளர்ந்துவிட்டது. சீட்டு உண்டு, தேநீர் உண்டு, கழுவுதலும் உண்டு.

இப்போது மூன்றாம் உத்தரவு. அப்லா இன்ஷிராஹ் ஓய்வு பெறும் நாளோடு செவ்வாய் வட்டம் கலைக்கப்படுகிறது. ஏனெனில் அதற்குப் பொறுப்பேற்க வேறு எந்த ஊழியரும் முன்வரவில்லை. வரும் செவ்வாய் முதல் அந்த அறை விருந்தினர் வரவேற்பறை.

முன்வரவில்லையாம்! எங்களில் யாரிடமாவது கேட்டார்களா? நூலக விதிப்படி ஒரு வட்டத்துக்குத் தேவை பொறுப்பேற்கும் ஊழியரின் கையெழுத்தும் இயக்குநரின் ஒப்புதலும், அவ்வளவுதான். எங்கள் கையெழுத்து எங்களிடம் இருந்தது. ஒப்புதலுக்கு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

அப்லா, இந்தப் பழைய கதைகளை எழுதியவர்கள் ஏன் தங்கள் கோபத்தை வேறொரு கோளில் கொண்டுபோய் வைத்தார்கள் என்று ஒருமுறை மார்சேல் உங்களிடம் கேட்டார். "வெறும் கதைன்னு நினைச்சா காவல்காரன் பையைத் திறந்து பாக்க மாட்டான்" என்றீர்கள். மார்சேல் அதை மறக்கவில்லை.

பிரிவு விழாவில் வாசிக்கப்படும் எதையும் முன்கூட்டியே ஒப்புதலுக்கு வைக்க வேண்டும் என்பதும் விதி. எனவே இந்த மடலை, இந்தப் பத்தி ஒன்றைத் தவிர ஒரு வரி விடாமல், மூன்று நாட்களுக்கு முன்பே இயக்குநர் அறையில் வைத்தோம். "பாராட்டு மடல்தானே? எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டி, படிக்காமலே கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தந்தார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தை இப்போது வாசிக்கிறோம்.

கீழே பெயர் குறித்துள்ள ஊழியர்களாகிய நாங்கள், செவ்வாய் மாலை வாசிப்பு வட்டத்தின் பொறுப்பை இன்று முதல் கூட்டாக ஏற்கிறோம். வட்டம் அதே அறையில், அதே நேரத்தில் நடைபெறும். இரும்பு அலமாரியின் சாவி இன்று மாலையே இரவல் மேசைக்குத் திரும்பும். நூல்கள் மேசைக்கு வலப்பக்கம், பழைய இடத்தில், வயது வேறுபாடின்றி இரவல் தரப்படும்.

எங்கள் அப்லாவே! இந்த மடலின் ஒரு படி உங்கள் வீட்டுச் சுவருக்கு. முத்திரையிட்ட மூலப்படி, கண்ணாடிச் சட்டத்துக்குள், இரவல் மேசைக்கு மேல். முழங்கால் வலி குறைந்து, கண் தெளிந்து, வீட்டிலும் யாருடைய உத்தரவையும் ஒருமுறைக்கு இருமுறை கேள்வி கேட்டு, நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். செவ்வாய் தோறும் வாசகராக வர வேண்டும். தாமதமானால் அபராதம் உண்டு. உங்கள் வீட்டுத் தட்டைத் திருப்பிக் கேட்டிருந்தீர்கள். மன்னியுங்கள், தர மாட்டோம். அது அலமாரியின் தலையிலேயே இருக்கட்டும். ஒன்பது கோப்பைகளும் அப்படியே இருக்கின்றன, சோப்பு புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம், கழுவ வேண்டியவர் எந்தச் செவ்வாயும் வரலாம்.

என்றும் உங்கள்,

மார்சேல், நூல் பட்டியல் பிரிவு
ஷெஹாத்தா, வாசற்காவல் (இன்று கைதி அல்ல)
ஃபிக்ரி, நூல் கட்டுப் பிரிவு
லம்யா, இரவல் மேசை உதவியாளர், மாலை வகுப்பு மாணவி, இதை எழுதியவர்

படகுத்துறை நூலகம், இஸ்மாயிலிய்யா

முழுவதும் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தவர்: இயக்குநர் (கையெழுத்தும் முத்திரையும்)