நேர் ஒண்ணு, புரட்டு ஒண்ணு

— இழுத்துப் பிடிக்காத அக்கா. பின்னல் ஊசி என்ன உன் விரோதியா?

— வழுக்குதுடி! உன் கையில பாத்தா வெண்ணெய் மாதிரி போகுது. எனக்குக் கண்ணி ஒண்ணொண்ணா நழுவுது.

— பருத்தி நூல் அப்படித்தான். கம்பளி மாதிரி விட்டுக்கொடுக்காது. நூலைப் பின்னாடி வச்சு நேரா ஒண்ணு எடு. இப்ப முன்னாடி கொண்டா, புரட்டி ஒண்ணு. வரிசை முழுக்க அதே மாதிரி போ.

— அடுத்த வரிசையும் இதேதானே?

— இல்ல, அது முழுக்க நேர். அப்பதான் இந்த மேடு பள்ளம் விழும். என்னோடதத் தொட்டுப் பாரு.

— அட, சொரசொரன்னு இருக்கே! சும்மா சொல்லக்கூடாது, கடையில வச்சா நான் நீன்னு வாங்குவாங்க.

— இந்தத் துண்டு அம்மா மூஞ்சி துடைக்கறதுக்கு. வழவழன்னு இருந்தா வாயோரம் காய்ஞ்சு ஒட்டினது வராது. கடைத் துண்டு போட்டுத் தேச்சா தோல் உரிஞ்சுடும்.

— பாவம்டி. இப்ப தூங்கறாளா?

— முழிச்சுதான் இருப்பா. பக்கவாதம் வந்ததுலேருந்து பகல்ல தூக்கமே கிடையாது. உள்ள போய்ப் பாரேன்.

— போறேன், இந்த வரிசை முடியட்டும்.

— வந்ததுலேருந்து எட்டிதான் பாத்த. நிலைப்படியத் தாண்டல.

— அந்த வாடைடி... எனக்குக் கொமட்டுது. வேணும்னேவா பண்றேன்?

— எனக்கும்தான் கொமட்டுச்சு.

— ஆரம்பிச்சுட்டியா! நான் மட்டும் அங்க கால் மேல கால் போட்டா உக்காந்திருக்கேன்? ஆபீஸ், பசங்க பரீட்சை, மாமியாரோட முழங்கால் வலி... ஒரே டென்ஷன்.

— தெரியும். போன்ல கேட்டுக்கிட்டுதானே இருக்கேன். இங்க பாரு, சேர்ந்தாப்ல ரெண்டு நேர் போட்டுட்ட. பிரி.

— ஒரு கண்ணிதானே, விடேன். யாருக்குத் தெரியப்போகுது?

— அம்மா கன்னத்துக்குத் தெரியும். பிரி.

— ரொம்பத்தான் கறார் பண்ற. நாளைக்குக் கிளம்பறவகிட்ட எதுக்குடி இவ்வளவு கண்டிப்பு? ஏதோ பொழுது போகக் கேட்டேன்.

— நீ எங்க கேட்ட? நான்தானே ஊசியக் கையில குடுத்தேன்.

— சரி, குடுத்த. எதுக்குக் குடுத்த?

— தினம் அலசி அலசி இது சீக்கிரம் நைஞ்சு போகுது. ஒண்ணு போனா ஒண்ணு பின்னிக்கிட்டே இருக்கணும்.

— அதான் நீ இருக்கியே.

— நான் இருக்க மாட்டேன். சாயங்காலம் கிளம்பறேன்.

— எங்க?

— குழந்தைங்க உடுப்பு பண்ற கம்பெனி. புது மாடல் பின்னிக் குடுக்கற வேலை, தங்க ரூமும் தர்றாங்க. முன்னாடியே கூப்பிட்டாங்க, அம்மாவ விட்டுட்டு வர முடியாதுன்னேன். திரும்பக் கூப்பிட்டாங்க. வர்றேன்னுட்டேன்.

— விளையாடறியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?

— போன மாசம் சொன்னேன். போன வாரமும் சொன்னேன். 'பாத்துக்கலாம்'னு சொன்ன. இப்ப பாத்துக்க.

— ஐயோ, நாளைக்கு எனக்கு ரயில்டி! யாராவது ஒரு நர்ஸ வைப்போம். அதுவரைக்கும் நீ...

— தாராளமா வை. ஆள் வர்ற வரைக்கும் நீ இரு. மாத்திரை ஜன்னல் மேல இருக்கு. அவளப் புரட்டிப் படுக்க வைக்கறப்ப இடது தோளப் பிடிச்சு இழுக்காத, வலிக்கும்.

— கல்நெஞ்சுக்காரி. பெத்தவள இந்த நிலைமையில போட்டுட்டுப் போக எப்படிடி மனசு வருது?

— இத நீ கேக்கற.

— கோவத்துல சொல்லிட்டேன்டி, மனசுல வச்சுக்காத. என்னை விடு, அம்மாவ நினைச்சுப் பாரு. கண்ணைத் தொறந்தா அவளுக்கு நீ வேணும். உன்னைத் தேடித் தேடியே உயிர விட்டுருவா.

— தேட மாட்டா அக்கா. வாய் குழறிப் போனதுக்கப்புறம் அவளுக்குச் சொல்ல வர்றது ஒரே ஒரு பேர்தான். அது உன் பேரு. இத்தனை வருஷமா அதுக்கு 'என்னம்மா'ன்னு போய் நிக்கறது நான்.