சீர்த்தட்டில் வந்த போன்

எனக்குச் சத்தம் ஆகாது, மேடம். வீட்டில் டிவி சத்தம் பத்தைத் தாண்டினால் நானே எழுந்துபோய்க் குறைத்துவிடுவேன். செல்லி மிக்ஸி போட்டால் வெளியே போய் நின்றுகொள்வேன். அதனால் இங்கே யாரும் என்னிடம் கத்த வேண்டியதில்லை. அந்த ஏட்டய்யாவிடமும் சொல்லிவையுங்கள். நீங்கள் கேட்காமலே எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டால் போதும்.

பேர் ராஜவேலு. ஜமுனாமரத்தூர் போகிற ரோட்டில் விதைக்கடை. மேலே இரண்டு ஏக்கரில் சாமை போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு மூன்று வருடமாக நான்தான் தலைவர். செல்லி என் மனைவி. இளவரசி ஒரே மகள், ஒன்பதாவது படிக்கிறாள். நீங்கள் கேட்கிற பார்த்திபன் செல்லியின் தம்பி. வாணியம்பாடியில் ஷூ கம்பெனியில் வேலை, வாரக்கடைசியில் மலைக்கு வருவான்.

ஆரம்பித்தது அவன்தான். இளவரசி பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். ஒன்பது தட்டு. பட்டுப்பாவாடை, வளையல், வெல்லம், பழம் எல்லாம் முறைப்படி இருந்தது. ஒன்பதாவது தட்டில், வெற்றிலைமேல், ஒரு போன். ஊர் வாயைப் பிளந்தது.

"இன்னா மாப்ள இது, பொட்டப்புள்ளைக்கு?" என்று கேட்டேன்.

"படிக்கட்டும் மாமா. நம்ம புள்ள யாருக்கும் எளப்பம் இல்ல" என்றான்.

படித்தாள். இரண்டே மாதத்தில் சுடப் படித்தாள். போனில் அவள் ஆடுகிற அந்தத் துப்பாக்கிக் கேமைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். தெரியாமல் பேசுகிறவன் இல்லை நான். வீடு வீடாகப் புகுந்து ஆளைச் சுட வேண்டும். ரத்தம் சுவரில் அடிக்கும். விழுந்தவன் பையைக் கிளறி இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். தலையில் பட்டால் கூடுதலாகக் கைதட்டல். எவனோ ஏசி ரூமில் உட்கார்ந்து இதைச் செய்து ஊர் ஊராக அனுப்புகிறான். அவனுக்குப் பிள்ளைகுட்டி இல்லையா? அவன் வீட்டில் சோறு இறங்குகிறதா?

என் மகள் என் வீட்டில் உட்கார்ந்து, "போடு, தலையில போடு" என்று கத்துகிறாள். ஒருநாள் செல்லி சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிடுகிறாள். இவள், "இரும்மா, செத்துட்டேன், தோ வர்றேன்" என்கிறாள். செத்துட்டேன், தோ வர்றேன். பெற்றவன் காதில் விழுகிற வார்த்தையா இது?

போனை ஏன் உடைக்கவில்லை என்று கேட்பீர்கள். கல்லை எடுத்தேன். செல்லி குறுக்கே விழுந்தாள். தாய்மாமன் சீரை உடைத்தால் பெண்ணுக்கு ஆகாது, பிறந்த வீட்டு வாசலை நான் எப்படி மிதிப்பேன் என்று அழுதாள். அவள் சொன்னது சரி. சீரில் கைவைக்கக் கூடாது. நான் முறை தெரிந்தவன். கல்லைக் கீழே போட்டுவிட்டேன்.

அதனால் சட்டப்படியே போனேன். அந்தக் கேமைத் தடைசெய்யச் சொல்லி மனுநீதி நாளில் மனு கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு தலைமையாசிரியர் லட்சுமணன் சாரை நச்சரித்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போடவைத்தேன். பெற்றோர், பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். அரைமணி நேரம் பேசினேன். வன்முறையைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் மனசு மரத்துப்போகும் என்றேன். போன வருடம் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னபோது மலையிலேயே முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான், பேப்பரில் போட்டோ வந்தது, அதையும் சொன்னேன். கையும் தட்டினார்கள்.

அப்போது பின்வரிசையில் பார்த்திபன் எழுந்தான்.

"மாமா சொல்றது நாயந்தான். புள்ளைங்க எந்நேரமும் அதையே ஆடக்கூடாது, நானும்தான் சொல்றேன். ஆனா ஒண்ணு மாமா. பொம்மத் துப்பாக்கிக்கே இவ்ளோ பேசறீங்க. நம்ம வூட்டுப் பரண்மேல சாக்குல சுத்தி வெச்சிருக்கீங்களே, அது இன்னா, ஒலக்கையா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சான் மாமனைக் கிண்டல் பண்ணுவது எங்கள் பக்கத்தில் சகஜம். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இந்த வரியைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், பரண்மேல் ஒன்று இருந்தது. துருப்பிடித்ததை ஒப்படைத்தேன், நல்லதை வைத்துக்கொண்டேன். காட்டுப்பன்றி ஒரே பொழுதில் சாமையைக் கிண்டிப் போட்டுவிடுகிறது. நீங்கள் வந்து காவல் காப்பீர்களா? அது பயிருக்காக வைத்திருந்தது. அதையும் கேமையும் ஒன்றாகப் பேசுகிறவனுக்கு அறிவு மட்டு என்றுதான் சொல்வேன்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். தப்பு போனில் இல்லை என்று புரிந்தது. இதைப் பிடுங்கினால் இன்னொன்று வரும். சாவு என்றால் என்னவென்று என் மகளுக்குத் தெரியவில்லை, தப்பு அங்கேதான் இருக்கிறது. அவள் பார்த்த செத்தவனெல்லாம் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வந்து நிற்கிறான். விழுந்தவன் எழமாட்டான் என்று ஒருவர் சொல்லித்தர வேண்டும். வாத்தியார் சொல்லித்தரவில்லை. சர்க்கார் சொல்லித்தரவில்லை. பெற்றவன் நான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்திபனிடம் போனேன். "நீ சொன்னதுதான் சரி மாப்ள. அதையும் ஸ்டேஷன்ல குடுத்துடலாம். நீயும் கூட வா" என்றேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "அதான் எங்க மாமா" என்று என்னைக் கட்டிக்கொண்டான். வீட்டுக்குக் கூட்டிவந்தேன், செல்லி டீ போட்டுக் கொடுத்தாள். தம்பியும் புருஷனும் ராசியாகிவிட்டார்கள் என்று அவளுக்குச் சந்தோஷம். நிலத்தை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று இளவரசியையும் அழைத்துக்கொண்டேன். பத்து மணி இருக்கும், நல்ல வெயில்.

பலாமரத்தடியில் சாக்கைப் பிரித்தேன். இளவரசியைப் பக்கத்தில் உட்காரவைத்து, குழலில் வெடிமருந்து போட்டு, நார் அடைத்து, ஈய ரவை போட்டு, கம்பியால் இடித்து, எல்லாம் நிதானமாகக் காட்டினேன். அவள் போனில் நேரம் பார்த்தாள். நான்கு நிமிடம்.

"கேம்ல ரெண்டு செகண்டுதான் நைனா" என்றாள்.

"இன்னா மாமா, காலி பண்ணிதானே குடுக்கணும்? நீங்க ரொப்பறீங்க" என்றான் பார்த்திபன்.

"வானத்துல ஒண்ணு வெடிச்சிட்டுக் குடுத்துடலாம்" என்றேன். பொய் சொல்வது என் பழக்கம் இல்லை. அன்றைக்கு அவனிடம் சொன்னதோடு சரி.

அவன் நாலடி தள்ளி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, சிரித்த முகமாக நின்றான். மகளைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். இவ்வளவு பக்கத்தில் அந்தச் சத்தம் பிள்ளைகளுக்கு ஆகாது. கண்ணை மூடக்கூடாது என்றும் சொன்னேன்.

தலையில் சுடவில்லை. அது அந்தக் கேமின் புத்தி. நெஞ்சில் சுட்டேன்.

இளவரசி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மாமா, எந்திரி மாமா. மாமா, எந்திரி." அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்திரிக்கறானா பாரு. நல்லா பாரு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

பிறகு அவள் பாறைமேல் ஓடினாள். எங்கள் நிலத்தில் டவர் கிடைப்பது அங்கே மட்டும்தான். நிலத்துக்கு வந்தால் அங்கே உட்கார்ந்துதான் நாளெல்லாம் கேமில் சுட்டுக்கொண்டிருப்பாள். அன்றைக்கு அங்கேயிருந்து 108க்குப் போன் பண்ணினாள். வண்டி வர ஒருமணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அவனுக்கு உயிர் இருந்ததா என்று ஏட்டய்யா கேட்டார். கொஞ்சநேரம் இருந்தது. அதையும் அவள் பார்த்தாள். நான் எங்கேயும் ஓடவில்லை, துப்பாக்கியைத் துடைத்து மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்றோடு ஆறு நாள். இளவரசி அந்தக் கேமைத் தொடவில்லை. மனுவால் முடியாதது முடிந்தது. பேச்சையும் நிறுத்திவிட்டாள், சாப்பிடுவதில்லை என்று செல்லி ஆளிடம் சொல்லி அனுப்பினாள். பேசுவாள். அவசரம் ஒன்றும் இல்லை. செல்லி தன் வாயால் என்னோடு பேசமாட்டாளாம். பரவாயில்லை. அவள் வீட்டுச் சீரை நான் காப்பாற்றித்தான் கொடுத்திருக்கிறேன். போன் உங்கள் மேஜைமேல் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள், ஒரு கீறல் கிடையாது.

காரணம் என்று ஓர் இடம் விட்டிருப்பீர்கள். அங்கே அந்தக் கேமின் பேரை எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம். கூட்டத்தில் எல்லோரும் சிரித்த கோபத்தில்தான் செய்தான் என்று லட்சுமணன் சார் உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். படித்தவர் பேசுகிற பேச்சா அது? அன்றைக்கு அந்த அறையில் இருந்தது நாற்பத்தொரு பேர். சிரித்தது இருபத்தாறு பேர்தான். சார் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் பேரும் எனக்குத் தெரியும். யாருக்குப் பின்னால் யார் சிரித்தார்கள் என்று வரிசையாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் சிரித்தது இளவரசி.