ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பனி

— மூணாந்தரம், ஜொய்சி புள்ள! மூணாந்தரமும் தொடச்சி, மூணாந்தரமும் அப்பிடியே ஈக்கி. பஸ் ஹோன் கேக்காதுன்னு நான் ரெட்டக் கண்ணாடி போட்ட. இப்ப பஸ்ஸும் தெரியல்ல. இந்தக் கபூர் ஹாஜியார்ட ஜன்னல்ல மட்டும் பனி மூடி ஈக்கிற கதை பலாங்கொட டவுனுக்கே தெரியும்.

— டவுனுக்கு எப்பிடிங்க தெரியும், ஹாஜியார்? நீங்கதான போயிப் போயிச் சொல்றீங்க. பேக்கரிக்காரரு நேத்து எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, இனிமே கண்ணாடி தொடைக்க வராதீங்கன்னுட்டாரு. இன்னைக்கு டியூசன் டீச்சரும் வேணாம்னுட்டாங்க.

— நான் உள்ளதத்தானே செல்லிய. கண்ணாடிய வித்துப் பூட்டின பாஸ் என்ன செல்றான் தெரியுமா? கண்ணாடில பழுதில்லயாம். தொடைக்கிற ஆக்கள் கண்ட கண்ட மருந்தப் போட்டு ஊற வெச்சிட்டாங்களாம்.

— மருந்தா? பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணிங்க அது! நெசமாச் சொல்றேன், இந்தப் பனி வெளியவும் இல்ல, உள்ளவும் இல்ல. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல நிக்குது. இந்தாங்க துணி. நீங்களே தொடச்சிப் பாருங்க.

— நானா?

— நீங்கதான். இன்னும் அழுத்தித் தொடைங்க. போகுதா?

— போகல்ல.

— இப்ப பால்கனியில நின்னு வெளிப்பக்கம். பாத்து ஏறுங்க. வினோத்து, வாளிய வெச்சிட்டு ஹாஜியாருக்கு ஸ்டூலப் புடி!

— அல்லாவே! என்னக் கட்டி நாப்பது வருஷமா ஒரு கோப்பை கழுவாத மனிசன் ஜன்னல் தொடைக்கிறாரே! ஜொய்சி மகள், எறக்கிப் போடாதீங்க. குசினி ஜன்னலும் ஈக்கி.

— ஸுலைஹா, நீங்க சும்மா ஈங்க! ஹரி, ஹரி, சரி புள்ள. வெளிலயும் போகல்ல. அப்ப நடுவுலதான். பனி நடுவுக்கு எப்பிடிப் போன?

— அதத்தான் பாக்கணும். இந்த மூலையில ரப்பரக் கொஞ்சம் தூக்குறேன். ஆ, இந்தா! ரப்பர்ல ஓட்டைங்க. பொடிப் பொடியா. இது வழியாத்தான் ஈரக் காத்து பூந்திருக்கு.

— ஓட்டக் கண்ணாடியா எனக்கு வித்தீக்கி? இரிங்க, கீழ போய் பாஸுக்கு ஒரு ஃபோன் கோல் குடுத்துட்டு வாரன். மேல சிக்னல் இல்ல.

— படி எறங்கிட்டாரு. ஸுலைஹா ராத்தா, இங்க கொஞ்சம் வாங்க.

— என்னத்துக்கு?

— இது கண்ணாடியோட வந்த ஓட்ட இல்ல. சாக்கு தைக்கிற ஊசி போட்ட ஓட்ட. எங்கப்பா தோட்டத்து ஸ்டோர்ல இருவது வருசம் சாக்கு தச்சவரு. கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். அந்த ஊசி இந்த வீட்ல யாருகிட்ட இருக்கு?

— எனக்கென்ன தெரியும்!

— மொகம் செவக்குதே, ராத்தா.

— மெல்லப் பேசுங்க மகள். நான்தான். நான்தான் குத்தின.

— ஐயோ மாதாவே! எதுக்குங்க?

— அரிசிக் கடைய மகன் ஆதிப் கையில குடுத்த நாள்ல ஈந்து இந்த மனிசன் ஜன்னலடிக் கதிரயில குந்தினா எழும்புறல்ல. சுபஹுத் தொழுகையில ஈந்து ராவு இஷா வரைக்கும் ரோட்டப் பாக்கிற, எனக்குச் செல்லிய. இந்தா றக்வான பஸ் ஆறு நிமிஷம் லேட். இந்தா ஜாபிர்ட பொஞ்சாதி புதுக் கொட புடிச்சிப் போற. நான் மீன்காரனோட நின்னா, அரைக் கிலோ சாளைக்கு நாலு நிமிஷப் பேச்சான்னு கேக்குற! பனி புடிச்சப் பொறகுதான் மனிசன் முறைப்பாடு செல்லப் போறன்னு தினம் டவுனுக்கு நடக்குறாரு. ஒடம்புல சீனி வருத்தமும் கொறஞ்சி ஈக்கி.

— அவருக்குச் சீனி கொறஞ்சிச்சு, எங்களுக்குச் சோறு கொறஞ்சிச்சு.

— வல்லாஹி, நீங்க மாட்டுவீங்கன்னு நெனக்கல்ல மகள். மன்னிச்சிக்கோங்க.

— சரி, அழாதீங்க. கொளவி கொடஞ்சதுன்னு நான் சொல்றேன். பாஸும் தப்பிச்சாரு, நீங்களும் தப்பிச்சீங்க. ஆனா கெட்ட பேர ஹாஜியார் வாயாலயே கழுவணும்.

— கொளவியா? நம்புவாரா?

— வாறாரு. கண்ணத் தொடைங்க. வாங்க ஹாஜியார், பாஸ் என்னங்க சொன்னாரு?

— அவன் ஃபோன எடுக்கல்ல.

— நல்லதாப் போச்சு. நல்லாப் பாத்துட்டேன். இது கொளவி வேல. எங்க மலையில ஒண்ணு இருக்கு, ரப்பர்னா அதுக்கு உசுரு.

— கொளவியா? ஆ, கொளவிதான் புள்ள. கொளவியேதான். நானும் ஒண்டக் கண்ட.

— கண்டீங்களா?

— இந்தப் பெரிசு!

— அப்ப எங்க மேல குத்தமில்ல. பேக்கரிக்கும் டீச்சருக்கும் இப்பவே சொல்லிருங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்குறேன்.

— மேல சிக்னல்—

— மூணு கோடு தெரியுதுங்க.

— ஹரி, ஹரி. ஹலோ, பேக்கரியா? கபூர் பேசுற. அந்த ஜன்னல் கதை... ஜொய்சி ஆக்கள்ட பிழை இல்ல. கொளவி. ஓ, கொளவி! ஃபோன்ல விளங்காது, நாளைக்கு வந்து வெவரமாச் செல்றன். நீங்க அவங்களயே கூப்புடுங்க. டீச்சருக்கும் இந்தா எடுக்கிறன்.

— கேட்டீங்களா, ராத்தா?

— கேட்டன், கேட்டன். அல்ஹம்துலில்லாஹ்! இரிங்க மகள், சூடா பிளேன்டி ஊத்தப் போறன். இனிப்புக்கு வட்டிலாப்பமும் ஈக்கி.

— டீச்சருக்கும் செல்லிட்டன் புள்ள. திங்கக்கெழம வரட்டாம்.

— ரொம்ப சந்தோசங்க. இனி புதுக் கண்ணாடி மாத்திருவீங்கல்ல?

— ஸுலைஹா குசினிக்குப் போயிட்டாவா?

— போயிட்டாங்க.

— மாத்தினா மறுகா என்னயப் புடிச்சி இந்தக் கதிரயில குந்த வெப்பாங்க. வாப்பா, கடப்பக்கம் வராதீங்க, ரெஸ்ட் எடுங்கன்னு மகன் வாங்கித் தந்த கதிர இது. பஸ்ஸ எண்ணி எண்ணி மண்ட காஞ்சி போன எனக்கு. இப்ப ஜன்னல் கதையச் செல்லிட்டு டவுனுக்குப் போறன். நாலு பேர் கூப்புட்டு பிளேன்டி தாராங்க, கதை கேக்குறாங்க.

— அப்ப அந்தக் கொளவிக்குத்தான் நீங்க நன்றி சொல்லணும்.

— கொளவி தனியவா செஞ்ச? மொத நாள் குத்திக் குத்திப் பாத்து ஏலாமப் போயி, கொளவி அழுதிட்டு ஈந்திச்சி. ஊசி மொட்ட. அதக் கருங்கல்லுல தீட்டி, அவட தையல் பெட்டியிலயே திரும்ப வெச்ச ஆள் நான்தான்.