துரைசானியம்மாள் கொடுத்த பூவிதை

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரிக்குப் போன மாட்டுவண்டியில் என் எதிரே ஒரு மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரும் தச்சநல்லூர்ப் பருத்தி வியாபாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார்தான் பேச்சைத் தொடங்கினார்.

"எங்க பள்ளிக்கூடத்து வெள்ளக்காரத் துரைசானியம்மா குடுத்த பூவிதைய என் வீட்டுக்காரி கோழிக்குப் போட்டுட்டா, அண்ணாச்சி."

"ஏன் வே?"

"காலெண்டுலான்னு ஒரு மஞ்சப்பூ. விதை காஞ்ச புழுக் கணக்கா வளைஞ்சு கெடந்துச்சு. புழுத்துப்போன விதைன்னு நெனச்சுட்டா."

"இன்னொரு பிடி கேக்க வேண்டியதுதான?"

"சீமையிலருந்து கப்பல்ல வந்த விதை. கேக்க வெக்கமா இருந்துச்சு. பாத்தியில கொத்தமல்லியப் போட்டுட்டேன். அம்மா வாரம் தவறாம வந்து பாக்குதாவ. நல்லா வருதுன்னு சந்தோஷப்படுதாவ."

"பூத்தா தெரிஞ்சிருமே வே."

"பூக்க விட்டாத்தான? அதுக்கு முன்ன ரசத்துக்குக் கிள்ளிருதோம். இந்த ஊரு வெக்கைக்கு அது பூக்காது போலன்னு சொன்னேன். பாவம், நோட்டுல எழுதிக்கிட்டாவ."

"நெசமாவே பூக்காதோ?"

"ஏன் பூக்காது? கோழி தின்னது போக மிஞ்சின விதை, கூட்டுக்குப் பின்னால முளைச்சு மஞ்ச மஞ்சளாப் பூத்துத் தள்ளுது."

"அம்மா கண்ணுல பட்டா என்ன செய்வீரு?"

"படாது அண்ணாச்சி. அவிய வார அன்னைக்குக் காலையிலேயே அம்புட்டையும் பறிச்சு, நானே கோழிக்குப் போட்டுருதேன்."