விடாத கிரகணம்

கபுண்டா: …அதனால பாஸ்டர்கிட்ட நீயே சொல்லிடு. நட்சத்திரம் காட்டற மிஷின் பழுதுன்னு.

லிசெலி: நான் ஏன் சார் சொல்லணும்? கோளரங்கத்துக்கு மேனேஜர் நீங்க.

கபுண்டா: இருந்தேன். அப்புறம் கல்யாண மண்டபமாச்சு, சோளமாவு குடோனாச்சு, இப்போ சர்ச். மிஷினை ஓட்டினவ நீதானே?

லிசெலி: நல்லா இருந்தா கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் காட்ட வச்சுக்கறேன்னாரு. பழுதுன்னா பழைய இரும்புக்குப் போயிடும். எனக்குத் தாங்காது சார்.

கபுண்டா: என்னையே எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டாச்சு. அதுக்கென்ன?

லிசெலி: லுசாக்கா ஊரே இங்க வரிசையில நின்னுச்சு. வாசல்ல விதும்புவா பணியாரம் சுட்டு வித்தவ வீடே கட்டிட்டா.

கபுண்டா: பாதிப் பேர் ஏசிக்கு வந்தாங்க. மீதி காதல் ஜோடி. என் பேச்சைக் கேட்டது நான் ஒருத்தன். நானே பாதியில தூங்கிடுவேன்.

லிசெலி: கிரகணத்தன்னிக்கு நிக்கக்கூட இடமில்ல.

கபுண்டா: வானத்துல நெசக் கிரகணம்! "கண்ணு போயிடும், உள்ள வாங்க, பத்திரமா காட்டறேன்"னு ரேடியோவுல கூவினேன். உலகத்துலயே இப்படி ஒரு அறிவாளி…

லிசெலி: ஜனமும் நம்பி வந்துச்சே!

கபுண்டா: வந்து மாட்டிக்கிச்சு. வெளிய சூரியன் வந்தாச்சு, உள்ள வரவே இல்ல. கும்மிருட்டு. கதவை உடைச்சுட்டு ஓடினவங்கதான்… அப்புறம் ஒரு ஆள் எட்டிப் பாக்கல.

லிசெலி: அந்தப் பேச்சு இப்போ எதுக்கு சார்?

கபுண்டா: எல்லாம் அந்தச் சனியன் பிடிச்ச மிஷின். சிக்கிக்கிச்சுன்னு நீதானே சொன்னே?

லிசெலி: அதைத் திட்டாதீங்க சார்.

கபுண்டா: அட, கண்ணு ஏன் கலங்குது?

லிசெலி: ஒண்ணுமில்ல… அன்னிக்கு என்ன அழகு சார்! பட்டப்பகல்ல குளிரு. கோழியெல்லாம் பின்னாடி கொய்யா மரத்துல ஏறி அடைஞ்சு…

கபுண்டா: இரு, இரு. ஜன்னலே இல்லாத கட்டடத்துல கொய்யா மரம் எங்க தெரிஞ்சுது?

லிசெலி: பாஸ்டர் காத்துக்கிட்டிருப்பாரு சார், போலாமா?

கபுண்டா: லிசெலி! மிஷின்கிட்ட ஆளே இல்லையா?

லிசெலி: ரெண்டு நிமிஷத்துல வந்துடலாம்னுதான் வெளிய போனேன்… அப்படியே நின்னுட்டேன். மைக்குல உங்க குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. உள்ள ஏதாவது ஆனா நீங்க கூப்பிட மாட்டீங்களான்னு…

கபுண்டா: எப்படிம்மா கூப்பிடுவேன்? உள்ள பேசினது டேப்பு. நானும் முன்வாசல்ல வானத்தைப் பாத்து வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன்… நட, பாஸ்டர்கிட்டப் போவோம். மிஷின் மேல ஒரு தப்பும் இல்ல.