மகன்ர டீம் தோற்க ஒரு அர்ச்சனை

லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு யாழ்ப்பாணத்து ஆட்கள் இருந்தார்கள். மூத்தவர் போனைப் பார்த்துவிட்டுக் கண்மூடிக் கும்பிட்டார்.

"முருகா, நேற்றும் தோத்திட்டாங்கள்!"

"ஆர் அண்ணை தோத்தது?" என்றார் இளையவர்.

"அமெரிக்காவில மகன் பைத்தியமா இருக்கிற பேஸ்பால் டீம். இந்த சீசன் தோல்விக்கு மேல தோல்வி."

"அதுக்கேன் கும்பிடுறியள்?"

"வெள்ளைக்காரியைக் கட்டாதை எண்டு சண்டை பிடிச்சனான். அதோட அவன் என்னோட கதைக்கிறதை விட்டிட்டான். இப்ப டீம் தோத்தால் எனக்குத்தான் போன் எடுத்து அழுகிறான்."

"தன்ர மனிசியிட்டை அழலாமே?"

"அவ வேற டீம். விழுந்து விழுந்து சிரிக்கிறாவாம்."

"அப்ப இப்ப முருகன் கோயிலுக்குப் போறது அர்ச்சனை செய்யவோ?"

"ஓம், தோக்கச் சொல்லித்தான்."

"தோக்காமல் வெண்டால்?"

"போன கிழமை ஒருக்கா வெண்டிட்டாங்கள். அதுவும் மருமகளின்ர டீமை."

"ஐயோ, போன் வரேல்லையோ?"

"வந்தது. மருமகள் எடுத்தவ. முதல் தரம் என்னோட கதைக்கிறா, ஒரே அழுகை."

"என்ன சொன்னியள்?"

"'அழாதை பிள்ளை, அவன்ர டீமுக்கு விளையாடவே தெரியாது' எண்டு சொன்னன்."