லாரிக்குப் பின்னால் ஒரு டெலாஹே

— லாரியை முந்திக்கிட்டுப் போலாமா மதாம் ஸொலான்ஜ்?

— பொறுங்க, பொறுங்க… எதிர்ல ஏதோ வருது.

— என்ன வருது?

— பஸ்.

— ஞாயித்துக்கிழமை காலைல பஸ்ஸா?

— சர்ச்சுக்குப் போற பஸ்ஸா இருக்கும்.

— நம்ம பக்கம் சர்ச்சுக்குப் போறவங்களை எல்லாம் ஒரே சைக்கிள்ல ஏத்திடலாமே…

— வாயாடாம லாரியைப் பாருங்க அன்செல்ம். முலாம்பழம் ஒண்ணு உருண்டு நம்ம மடியில விழப்போகுது. கூரையை வேற மடிச்சு வெச்சுட்டீங்க.

— கடைசியா ஒரு தடவை திறந்துக்கிட்டுப் போலாம்னு நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன். முடியெல்லாம் பறக்குது… நல்லாத்தான் இருக்கு.

— பஸ் இன்னும் நம்மைத் தாண்டலையே?

— அது… அப்படியே கிளை ரோட்ல திரும்பிடுச்சு.

— ஓ. அப்ப இப்ப போலாமா?

— ஐயோ, வேணாம். ரெண்டு கன்னியாஸ்திரீங்க, மொபெட்ல.

— சரி. பொறுக்கறேன்.

— ரோட்ல வலப்பக்கமாப் போற ஊர், இங்க இருக்கற வண்டிக்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த மகாராணிக்கு மட்டும் வலப்பக்கம். லாரிக்கு அந்தாண்ட என்ன வருதுன்னு பார்த்துச் சொல்ல பக்கத்துல ஒரு ஆள் வேணும்!

— அந்தக் காலத்துல பெரிய இடத்து வண்டின்னா அப்படித்தான் மதாம். இதைச் செஞ்ச டெலாஹே கம்பெனிக்காரங்க அதுல கௌரவம் பார்த்தாங்க.

— என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டதே இல்ல, தெரியுமா? 'வேணாம், வேணாம்'னு நான் கத்துவேன். அவர் பாட்டுக்கு முந்திக்கிட்டுப் போவார்.

— முசியேவுக்குத் துணிச்சல் ஜாஸ்தி.

— செத்தவரைப் புகழ வேண்டாம். இந்த சீட்டுல உக்காந்தவளை 'போலாமா'ன்னு கேட்ட ஒரே ஆள் நீங்கதான்.

— …

— ஏன் பேச்சே இல்ல?

— கியர் மாத்தறேன்.

— கியர் மாத்த வாய் எதுக்கு?

— மதாம்… வண்டியை வாங்கின பிரஸ்ஸல்ஸ்காரர் அவிஞ்ஞோன்ல மதியம் வரைக்கும்தான் காத்திருப்பேன்னாரு.

— காத்திருக்கட்டும். மூத்த தாரத்துப் பிள்ளை ஜில்பெர்கிட்ட வாங்கினாரே ஒழிய என்கிட்ட வாங்கல. அப்பா வண்டி பிள்ளைக்கு. ரெண்டாந்தாரத்துக்கு என்ன, திரைச்சீலையும் பூனையும்.

— பிரஸ்ஸல்ஸ்காரர் இதை ஓட்டுவாராமா?

— எங்க… கண்ணாடி மண்டபத்துல நிறுத்தி, சுத்திக் கயிறு கட்டுவாராம். யாரும் தொடக் கூடாதாம்.

— மாடா என்ன, கயிறு கட்ட? இது ஓடணும் மதாம். ஓடலைன்னா செத்துடும்.

— எனக்கு அழுகை வருது, வேற ஏதாவது பேசுங்க.

— பாட்டு வேணா பாடட்டுமா? இல்ல, ஹாரன்…

— அடிக்காதீங்க! லாரிக்காரன் ஒதுங்கிடப் போறான்!

— ஒதுங்கினா நல்லதுதானே மதாம்?

— நான் சொல்ல வந்தது… பாவம், பயந்துடுவான்.

— புரியுது மதாம்.

— நாளைக்கு இந்நேரம் லீல் ஊருக்குப் போற ரயில்ல இருப்பேன். அக்கா வீடு. மழை, உருளைக்கிழங்கு, அக்கா. இனி ஞாயித்துக்கிழமை நீங்க என்ன பண்ணுவீங்க?

— தூங்குவேன்.

— பொய்.

— மீன் பிடிக்கப் போவேன்.

— உங்களுக்கு மீன் வாசனையே ஆகாது.

— பழகிக்கணும்… எல்லாத்தையும்தான்.

— இத்தனை வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை தவறாம வந்து எஞ்சினை ஓட விட்டு, என் காபியைக் குடிச்சுட்டுப் போனீங்க. மாசத்துக்கு ஒரு தடவை ஓடினா போதும்னு பிரஸ்ஸல்ஸ்காரர் போன்ல சொன்னார்.

— அவருக்கு என்ன தெரியும்?

— இதே மாதிரி நாலு வண்டி வெச்சிருக்காராம்.

— அவரோட காபி நல்லா இருக்காது. அதான் மாசத்துக்கு ஒரு தடவை.

— சிரிப்பு மூட்டாதீங்க. ஆ… பாருங்க, லாரிக்காரன் கை காட்டறான்.

— பழச் சந்தைக்குத் திரும்பறான்.

— திரும்பிட்டானா?

— திரும்பிட்டான்.

— இனி நமக்கு முன்னால ஒண்ணுமே இல்லையே…

— ஒண்ணுமில்ல. நேரா அவிஞ்ஞோன்தான்.

— அப்புறம் ஏன் இன்னும் ஊர்ந்துக்கிட்டே போறீங்க?

— வண்டி… கொஞ்சம் சூடா இருக்கு.

— அன்செல்ம், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— அந்த பஸ், கன்னியாஸ்திரீங்க… எதுவுமே வரல. வழி முழுக்க ரோடு காலி. போய்ச் சேர்ந்துட்டா எல்லாம் முடிஞ்சுடுமேன்னு…

— தெரியும் மதாம்.

— தெரியுமா? அந்தப் பக்கத்துலேர்ந்து எப்படித் தெரியும்?

— ரோடு வலப்பக்கம் வளையிற இடத்துல எல்லாம் லாரிக்கு முன்னால இருக்கறது எனக்கே தெரிஞ்சுது. ஒரு ஈ காக்கா இல்ல.

— அடப்பாவி மனுஷா! அப்ப எதுக்கு ஒவ்வொரு தடவையும் 'போலாமா, போலாமா'ன்னு என்னைக் கேட்டீங்க?

— நீங்க 'பொறுங்க'ன்னு சொல்றதைக் கேக்கத்தான்.